மாமா உட்கார்ந்த இடம்

எங்கள் பிக்கப் வண்டி காலியாகப் போனால் இன்றைக்கும் கழுதை மாதிரி பின்பக்கத்தைத் தூக்கும். மஞ்சக்குப்பத்தில் ஒரு வேகத்தடை பாக்கியில்லாமல் என் தலை கூரையில் இடிக்கும். இடித்ததும் திட்டுவேன், என் வாய் அப்படி. வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார்.

மஸ்கட்டிலிருந்து வந்த கையோடு அவர் வாங்கிய வண்டி அது. டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டரைப் பின்னால் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபம் மண்டபமாகப் போவதுதான் திட்டம். ஆனால் டிரெய்லரை மாட்டினால் வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். இழுவை சரிப்பட்டால் ஊரோடு இருப்பார், இல்லாவிட்டால் மறுபடி மஸ்கட். பாஸ்போர்ட்டைக்கூட பீரோவில் வைக்காமல் ஃப்ரிட்ஜ் மேலேயே போட்டிருந்தார். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து போனிலேயே குடும்பம் நடத்திச் சலித்துப்போனவள் நான்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து என் தம்பி வந்தான். லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவன். பின்சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைத்து அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளைக் கமான் பட்டை என்பார்கள். பக்கத்துக்கு ஒன்று கூடுதலாகப் போட்டால் பாரம் தாங்கும் என்றான். வாசலிலேயே ஜாக்கி வைத்து, அடியில் கட்டைகளை முட்டுக்கொடுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மாமனும் மச்சானும் காலை முழுக்க மல்லுக்கட்டினார்கள். அவர்கள் ஒருவரையொருவர் திட்டியதில் நான் புதிதாக நாலு வார்த்தை கற்றுக்கொண்டேன்.

பட்டை தாங்குகிறதா என்று பார்க்க பாரம் வேண்டுமே. ஜெனரேட்டரோ அன்றைக்கு டிராக்டரோடு வாடகைக்குப் போயிருந்தது. அதனால் வீட்டோடு நாங்களே ஏறினோம். எங்களில் கனமான ஆள் மாமனார். அவ்வளவு பெரிய மனுஷனை வால்பக்கம் உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கேபினை ஒட்டிப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜம்மென்று உட்கார வைத்தோம். நாங்களும் அவரைச் சுற்றி நின்றுகொண்டோம். தம்பி குனிந்து பார்த்து, சூப்பராக நிற்கிறது என்றான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம்கூட வைத்து நசுக்கியாயிற்று.

அடுத்த முகூர்த்தத்துக்குச் சிதம்பரம் கிளம்பினோம். ஜெனரேட்டரை மாட்டியதும் பின்பக்கம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. பரவாயில்லை என்று எடுத்துவிட்டார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. அப்போதுதான் பார்த்தோம், ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழவில்லை, புளியமரத்து உச்சியில் விழுந்தது. ஸ்டியரிங் கையில் நிற்காமல் மிதக்கிறது என்றார். ஊர்ந்து ஊர்ந்து மண்டபம் போய்ச் சேர்ந்தோம். முகூர்த்தம் முடிந்து அதே மாதிரி ஊர்ந்து வீடு திரும்பினோம். மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் மேலே பாஸ்போர்ட் இல்லை, அவர் சட்டைப்பையில் இருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தம்பியைப் போனில் கூப்பிட்டு, மாமனார் கூடத்தில் இருப்பதையும் மறந்து கத்தினேன். கத்தும்போதுதான் எனக்கே உறைத்தது.

"பாரம் தொங்கறது வால்லடா. நாம மாமாவ ராஜா மாரி முன்னால உக்கார வெச்சிட்டு டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

மாமனார் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வாசலுக்குப் போய், வண்டியின் வாலில், டிரெய்லரை மாட்டும் கொக்கிக்கு மேலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். வண்டி முனகிக்கொண்டு இறங்கியது.

"மரியாத குடுத்தது போதும், இன்னொரு பட்டையப் போடச் சொல்லு," என்றார். "இவன் திரும்பப் பிளேன் ஏறக் கூடாது."

அதுவரை மகனைப் போ என்றும் சொன்னதில்லை, இரு என்றும் சொன்னதில்லை அவர். வீட்டுக்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி பட்டையோடு வந்தான். "எறங்குங்க" என்றால் மாமனார் இறங்குவார், "ஏறுங்க" என்றால் ஏறுவார். பொழுது சாயும் வரை இதேதான். நடுவில் என்னிடம் டீ கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு என்னவோ கோயில் தேரில் சாமி உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. அடுத்த முறை சிதம்பரம் போகும்போது வெளிச்சம் ரோட்டில் விழுந்தது. பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய், அங்கேயே காலாவதியும் ஆனது.

மாமனார் காரியம் முடிந்த பிறகு ஒருநாள் வண்டி காலியாகச் சிதம்பரம் போனது. வேகத்தடையில் வழக்கம்போல இடித்துக்கொண்டேன். இழுவை இல்லாத நாளில், காலி வண்டியைத் தூக்கிப் போடும் அந்த எக்ஸ்ட்ரா பட்டையைக் கழற்றித் தொலைத்தால் என்ன என்று சீறினேன்.

"அப்பா எறங்கிட்டாருடி," என்றார். "அதான் தூக்குது."

வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். இன்னும் அந்தப் பட்டையைக் கழற்றவில்லை.