குழாயில் நாடி பார்த்தவர்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் பி.ஜி. விடுதியொன்றில் எனக்கு அறைத்தோழராக வாய்த்தவர் ஒல்லியான வேலூர்க்காரர். தன் கம்ப்யூட்டரின் பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டு, அந்தச் சூட்டைத் தணிக்க உள்ளே குழாய் போட்டுத் தண்ணீர் சுற்றவிட்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழாயில் இரண்டு விரல் வைத்து நாடி பார்ப்பார். அறையில் இருந்த ஒரே டேபிள் ஃபேனும் அதற்குத்தான். நான் வியர்த்துக்கொண்டிருப்பேன்.

“இவ்ளோ ஸ்பீடு ஏத்தி இதுல என்னதான் பண்றீங்க?” என்று கேட்டேன்.

“டெம்பரேச்சர் பாக்கறேன் ப்ரோ” என்றார், சிரிக்காமல்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. தெர்மாமீட்டரில் நூற்றிரண்டு. அவர் அதை வாங்கிப் பார்த்து, மனக்கணக்காகவே செல்சியஸுக்கு மாற்றினார்.

“முப்பத்தொம்பதுதான் ப்ரோ. என் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே நாப்பது காட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். கண் விழித்தபோது முகத்தில் காற்று அடித்தது. ஃபேன் என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் என் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எறங்குது” என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.