கருவாட்டோடு சேராத ஒயின்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் பதினாறு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை தன்னுடைய பிரெஞ்சு ஒயின்களையும் என் பொறுப்பில் விட்டிருந்தார். படிக்கட்டுக்குக் கீழே இருந்த இருட்டறையில் பன்னிரண்டு போத்தல்கள் படுத்துக் கிடக்கும். போர்தோ என்ற ஊரில் செய்த சிவப்பு ஒயின். என் மகளைவிட அவற்றுக்கு மூன்று வயதுதான் குறைவு.

விருந்துக்கு முதல் நாளே ஒரு போத்தலை நிமிர்த்தி வைக்க வேண்டும். மலைக்குளிரில் அதன் வாசனை அடங்கிப் போகும். அதனால் கணப்பு எரியும் அறையில், நெருப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்துக் குளிர் போக்க வேண்டும். பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் கண்ணாடிக் குடுவைக்கு மாற்ற வேண்டும். கூட வாட்டிய ஆட்டுத்தொடை, காளான், பழைய சீஸ். மிளகாய் ஆகாது, புளி ஆகாது, மீன் ஆகவே ஆகாது. மீனோடு குடித்தால் நாக்கில் இரும்பு தட்டும் என்பார் துரை. இதெல்லாம் தெரிந்தவன் என்று எனக்குப் பெருமை இருந்தது.

மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பங்களாவுக்குப் பின்னால்தான் வீடு. பேரன் நல்லபடியாகப் பிறந்தான். அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. பங்களாச் சமையல்காரனை எல்லாரும் 'அப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாம் நாள் தோட்டத்து மருத்துவச்சி, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க அப்பு" என்றாள். இரண்டு நாள் பார்ப்போம் என்றேன்.

"மருந்துக் கடையில டானிக் ஒயின்னு செவப்பா விக்கிறாங்களே. புள்ள பெத்தவளுக்கு ரத்தம் ஊறுமாம். ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

"கடச் சரக்கு எதுக்குடி? அதுக்கெல்லாம் ராசா நம்ம கையில இருக்கு."

அன்று மாலையே துரையைக் கேட்காமல் ஒரு போத்தலை எடுத்து வந்தேன். காலையும் மாலையும் அரைக் கிளாஸ் கொடுத்தேன். இத்தனை வருஷம் அடியில் இறங்கியது வீணாகுமா, சத்தெல்லாம் அதில்தான் இருக்கும் என்று நினைத்தேன். வண்டலைத் துணியில் வடித்து, தேனில் குழைத்து, அவள் நாக்கில் தடவினேன்.

என் மனைவி சுறாக் கருவாடும் பூண்டும் போட்டுப் பத்தியக் குழம்பு வைத்திருந்தாள். மகள் ஆசையாகச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான். அதன்மேல் ஒயினைக் குடித்ததும் முகம் சுளித்தாள்.

"ஆணியச் சப்புன மாதிரி இருக்குப்பா."

நான் ஒயினை நிறுத்தவில்லை. கருவாட்டை நிறுத்தினேன். மிளகாய் இல்லாமல் ஆட்டுத்தொடையை வாட்டி, மெல்லிசாக அரிந்து கொடுத்தேன்.

"வெள்ளக்காரன் தீனிய இவ எப்புடிங்க திம்பா?"

"ஒனக்கு என்ன தெரியும்? அதுக்கு இதுதான் சேரும்."

மகள் இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டை ஒதுக்குவாள். நான்கு நாள் அப்படியே போயிற்று.

ஆறாம் நாள், விருந்துக்குப் போத்தல் பார்க்கப் போன துரை ஒன்று குறைவதைக் கண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பேசுவது வேலை வாங்கப் படித்த தமிழ்.

"அப்பு, போத்தல் எங்கே? நீ குடிச்சதா?"

"எம்மகளுக்குங்க தொரை. ரத்தம் ஊறட்டும்னு..."

அவர் கட்டிலைப் பார்த்தார். மகளின் உதடும் வெள்ளைத் தலையணை உறையும் ஒரே நிறமாக இருந்தன. நானும் அதை அப்போதுதான் பார்த்தேன்.

"மடையா, இது மருந்து இல்லே. தூக்கு அவளை."

நுவரெலியா ஆஸ்பத்திரி வரை அவரே காரை ஓட்டினார். எத்தனை நாளாக உதிரம் போகிறது என்று டாக்டர் கேட்டார். ஆறு நாள் என்றேன். இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேட்டார். கட்டிலுக்கு மேலே ரத்தப் போத்தலைக் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். அது இறங்கி முடியும் வரை, அடியில் ஏதாவது தங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிழைத்துவிட்டாள். அந்த மாதமே துரை என்னை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தார். வேலையும் வீடும் போயின. அது நியாயம்தான். ஆனால் அவர் என் மகளைத் தேடி வரவில்லை, போத்தலைத் தேடித்தான் வந்தார். பன்னிரண்டும் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? மூன்று வருஷமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இப்போது ஹட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறேன். மகள் மறுபடியும் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள். அன்று துரையின் காரில் ஏற்றும்போது அவளுக்கு நினைவு இல்லை. கடைசியாக நினைவில் நிற்பது ஒயின்தான். அது காப்பாற்றியது என்றே எல்லாரிடமும் சொல்லி வந்தாள். நானும் மறுத்ததில்லை.

போன வாரம், "இந்தத் தடவையும் எங்கயாச்சும் ஒண்ணு திருடி வைங்கப்பா" என்று சிரித்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவச்சி சொன்னதையும், நான் தள்ளிப்போட்டதையும்.

"எனக்கு அப்பவே கருவாட்டுக் கொழம்புதான்பா வேணும்னு இருந்துச்சு" என்றாள்.

பிரசவத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஓர் அறை பார்த்து வைத்திருக்கிறேன்.