பின்வாசலுக்காகப் பேசியவர்

என் அண்ணிக்கு வாய் நீளம் என்று கல்யாணமான புதிதிலேயே அண்ணன் அலுத்துக்கொண்டார். அந்த வாயை நம்பித்தான் அவர்கள் வீட்டில் பாதி அடுப்பு எரிந்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார். கமிட்டிகளில் விடுபட்டவர்களுக்கு இடம் வாங்கித் தருவதுதான் அவர் சம்பளம் வாங்கும் வேலை. ஆஸ்பத்திரி, நூலகம், பேருந்துக் கழகம் என்று எங்கே கூப்பிட்டாலும் அண்ணி போவார். "உங்க கமிட்டியில யாரெல்லாம் இல்ல?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பிறகு கண் தெரியாதவர்கள், குப்பை பிரிப்பவர்கள், பிழைக்க வந்த கூலிக்காரர்கள் என்று தேடிப்பிடித்துக் கூட்டிவந்து உறுப்பினராக்குவார். பெரிய மனிதர்கள் அவரைக் கண்டால் நெளிவார்கள். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். அங்கே கமிட்டிக் கூட்டத்தில் பேசுவதைக் குறிப்பெடுப்பது என் வேலை. அப்போது ஆஸ்பத்திரியின் பின்வாசலை மூடிவிடலாமா என்று பேச்சு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் குப்பை பிரிக்கும் ஜனங்கள் அந்த வழியாகத்தான் வருவார்கள். மூடினால் வைத்தியத்துக்கு வருவதையே விட்டுவிடுவார்கள் என்று அண்ணிக்குப் பயம். மகனின் இளைப்புக்காக அடிக்கடி வந்துபோகும் ஒரு பெண்ணை அங்கிருந்து உறுப்பினராக்கினார்.

ஆனால் டீன் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அண்ணியிடமிருந்து வரும். "அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா" என்று ஆரம்பித்து, கேட்பவர் கண் கலங்கும்படி முடிப்பார். அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு கூட்டத்துக்கு வந்தவள் மூன்றாவதற்கு வரவில்லை. அண்ணி வீட்டுக்கே தேடிப் போனார்.

"நீங்கதான் எல்லாத்தையும் அழகா சொல்லிடுறீங்களேக்கா. நான் எதுக்கு வேலையைக் கெடுத்துக்கிட்டு வரணும்?" என்று சாக்கை உதறிக்கொண்டே கேட்டாளாம். கோபப்பட்டிருந்தால்கூட அண்ணி தாங்கியிருப்பார். அன்று வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை. அண்ணன் பயந்துபோய் எனக்குப் போன் செய்தார்.

அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்தாக வேண்டும். அண்ணி அவளைக் கெஞ்சிக் கூட்டிவந்தார், உட்கார வைத்தார், தான் மட்டும் வெளியே வராந்தா பெஞ்சுக்குப் போய்விட்டார். டீன் கேள்வியைக் கேட்டார். அவள் மேசையைப் பார்த்தாள். எல்லார் கண்களும் வராந்தாப் பக்கம் போயின. எனக்கே ஓடிப்போய் அண்ணியை இழுத்துவரலாமா என்றிருந்தது. கடைசியில் அவள் தொண்டையைச் செருமினாள்.

"மூடிடுங்க சார்."

டீன் சரியாகக் கேட்காதவர் போல மறுபடி கேட்டார்.

"பின்வாசல் எங்களுக்கு வேணாம். முன்வாசல்ல வாட்ச்மேன் எங்களை மட்டும் நிறுத்தி வெச்சுக் கேள்வி கேக்குறாரு. அதனாலதான் சுத்திக்கிட்டு வர்றோம். அவர்கிட்ட அதை நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் வர்ற வழியா நாங்களும் வர்றோம்."

வாட்ச்மேன்களின் மேலாளரை உடனே கூட்டிவரச் சொல்லி டீன் என்னை அனுப்பினார். வராந்தாவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன்.

என் கையை விட்டார்.

"இத்தனை மாசமா அந்தக் கதவுக்காக மல்லுக்கட்டினேனே. அது வேணுமான்னு அவகிட்ட ஒரு தடவை கேக்கலையே."

அண்ணி அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. உள்ளே அந்தப் பெண் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தாள். அவள் குரல் வராந்தா வரை கேட்டது.