பாலம் உடைத்த அப்பாமார்

பழைய புத்தகக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு உபத்திரவம் நிச்சயம்: ஒன்று தும்மல், மற்றது வாடிக்கையாளர்களின் அப்பா. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிறர் குடும்பக் கதை கேட்டுக் கால் வீங்கியவர்கள் எல்லோரும் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம். கனடாவின் மொன்றியலில் எங்கள் கடையில் பேசியது பிரெஞ்சு. ஆனால் என் நினைவில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார்கள், என்ன செய்ய.

எத்தனை பாலம்?

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். கடையில் ஜன்னலோரத் தட்டு முழுக்க, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் பிரான்சைப் பிடித்து வைத்திருந்த கதைகள். பழைய புத்தகங்களில் எல்லோரும் வீரர்கள். அந்தத் தட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் பிரான்சுக் கிழவர்களின் அப்பாமாரும் அப்படியே. ஒவ்வொருவரும் ஜெர்மன்காரரை எதிர்த்த இரகசியப் படையில் இருந்தவர், ஒவ்வொருவரும் ஒரு பாலத்துக்குக் குண்டு வைத்தவர். ஒரு பனிக்காலக் காலையில் மட்டும் மூன்று பாலம் போய்விட்டது. நான் வாயைப் பிளந்து கேட்பதைப் பார்த்து என் முதலாளி மதாம் ஒடெத் காதுக்குள் சொன்னார்: "இவ்வளவு பாலமும் உடைஞ்சிருந்தால், பிரான்சில சனம் இண்டைக்கும் நீந்தித்தான் வேலைக்குப் போகவேணும்."

சீனி இல்லாத தேத்தண்ணி

பிறகு பாரிசிலிருந்து வேறு மாதிரி நாவல்கள் வரத் தொடங்கின. எழுதியவர்கள் மகன்மார், பேத்திமார். எங்கள் வீட்டுக் கிழவர் பாலம் உடைக்கவில்லை, வெண்ணெய்க்கு வரிசையில் நின்றார், பக்கத்து வீட்டைப் பற்றி மொட்டைக் கடிதம் போட்டார், ஜெர்மன்காரனுக்குப் பியர் ஊற்றினார், பயந்து செத்தார் என்று எழுதினார்கள். வீரனும் இல்லாமல் துரோகியும் இல்லாமல் இருந்தவர்கள்தான் அதிகம் என்றார்கள். எனக்கு அந்த எழுத்து மிகவும் பிடித்தது. அதில் வருகிற ஆட்களை ஊரில் எங்கேயோ பார்த்தது போலிருந்தது.

பக்கத்தில், இங்கே தெப்பனர் என்று சொல்கிற மூலைக்கடை நடத்தும் சிவா அண்ணையிடம் இதைச் சொன்னேன். ஊரில் அவர் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். எதிரே ஆமிக் காம்ப். "நீங்கள் அவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன். அண்ணைக்கு மூக்குச் சிவந்துவிட்டது. "துவக்கோட வந்து கேட்டால் குடுக்காமல் என்ன செய்யிறது தங்கச்சி? ஆனால் ஒருநாளும் சீனி போடேல்லை!"

கத்தரிக்காய்க்குப் பின்னால்

மொசியே கஸ்தோன் லொங்குய்யிலிருந்து மெட்ரோ பிடித்து வருவார். அவரும் பிரான்சுக்காரர், எழுபது தாண்டியவர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வணக்கம் சொல்வார். அவர் போனபின் ஒரு புது நாவல் மட்டும் தட்டில் இருக்காது. தேடினால் கத்தரிக்காய்ப் படம் போட்ட தோட்டக்கலைப் புத்தகங்களுக்குப் பின்னால் கிடக்கும். நான் எடுத்து முன்னால் வைப்பேன். அவர் திரும்ப வந்து கத்தரிக்காய்க்குப் பின்னால் வைப்பார்.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பின்கதவால் பாண் விற்ற பேக்கரிக்காரர் ஒருவரின் கதை அது. ஏசலாம் என்று வாயைத் திறந்தால் கிழவர் அட்டையில் எழுதியவரின் பெயரில் விரலை வைத்தார். இந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து அவரும் மகளும் போனில்கூடக் கதைப்பதில்லையாம். "எழுதினது என்ர மகள். பாண் வித்தது என்ர அப்பா. நடுவில நிக்கிற என்னை நீர் எந்தத் தட்டில வைப்பீர், பிள்ளை?"

அது பிழை

மகள் பாரிசிலிருந்து மொன்றியலுக்கு வந்தபோது எங்கள் கடையிலேயே வாசிக்க மதாம் ஒடெத் ஏற்பாடு செய்தார். அந்தச் சனிக்கிழமை கடைசி வரிசையில் கஸ்தோன், தொப்பியைக் கழற்றாமல். சபையில் வைத்துச் சண்டை பிடித்தால் தகப்பனும் மகளும் பிறகு ஒட்டவே மாட்டார்கள். என் பக்கத்தில், ஓசி வைனுக்கு வந்த சிவா அண்ணை.

மகள் பின்கதவு வரும் இடத்தை வாசித்தார். கிழவர் எழும்பி, "அது பிழை" என்றார். பாலம் உடைத்தவர்களின் பிள்ளைகள் கைதட்டத் தயாரானார்கள். மகள் புத்தகத்தை மூடினார்.

"பின்கதவு இல்லை, முன்கதவாலதான் வந்தவங்கள். அப்பா பொன்ஜூர் சொல்லுவார். பாணைக் கடதாசியில சுத்திக் குடுத்தது நான்," என்றார் கிழவர்.

கைதட்டத் தூக்கிய கைகள் தும்மலைப் பொத்தப் போயின. "ஏன் அப்பா எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றார் மகள். கிழவர் தொப்பியைக் கழற்றினார். "சின்னனில நீ வீரன் கதைதானே கேட்டனி."

மகள் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அழுதேன், சொல்ல என்ன வெட்கம். சிவா அண்ணைக்குக் கடை நடத்துகிற அளவுக்குத்தான் பிரெஞ்சு, ஆனால் எல்லாம் விளங்கிவிட்டது. வைனை மேசையில் வைத்துவிட்டு என் காதுக்குள் குனிந்தார். "தங்கச்சி, அந்தத் தேத்தண்ணி... சீனி போட்டனான். நல்லாப் போட்டனான்."

அதற்குப் பிறகு, தங்கள் அப்பாவும் பாலம் உடைக்கவில்லை என்று கிழவர்கள் ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள, எங்கள் கடையில் உடைந்த பாலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப எழும்பிவிட்டபடியால், பிரான்சில் சனம் இப்போது நனையாமல் வேலைக்குப் போகிறது.