அண்ணன் பேரில் என் வலிப்பு

லீவு இல்லாத மாதத்தில் அண்ணன் வந்து இறங்கினான். தல்லாகுளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில், பட்டப்பகலில், கையில் ஒரே ஒரு பெட்டியோடு நின்றான். துபாயிலிருந்து வருகிறவன் இப்படியா வருவான்?

“என்னண்ணே, திடீர்னு?”

“வலிப்பு இருக்குன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாய்ங்க.”

அண்ணனுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. வலிப்பு இருந்தது எனக்கு.

பன்னிரண்டு வயதிலிருந்தே வரும். வந்தால் அம்மா முதலில் செய்வது கதவைச் சாத்துவது. அப்புறம்தான் என்னைப் பிடிப்பாள். விஷயம் வெளியே போனால் என்னை எவன் கட்டுவான் என்பது அவள் கவலை. அப்பா இல்லாத வீடு. எங்கள் மூவரைத் தவிர டாக்டர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் முதலில் கொடுத்த மாத்திரையைப் போட்டால் நாள் முழுக்கத் தூக்கம். டைப்ரைட்டிங் வகுப்பில் மெஷின் மேலேயே தலை கவிழ்ந்துவிடுவேன். வேறொரு மாத்திரை இருக்கிறது, ஆனால் வெளிநாட்டுச் சரக்கு, இங்கே கிடைப்பது கஷ்டம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை வாங்கி அனுப்பினான். லீவில் வருகிறவர்களிடம் பால்பவுடர் டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்துவிடுவான். தூக்கமும் போயிற்று, வலிப்பும் அடங்கியது. எங்கே வாங்குகிறான், எப்படி வாங்குகிறான் என்று நாங்கள் கேட்கவே இல்லை. துபாயில் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்தோம்.

கம்பெனி ஆஸ்பத்திரியில் வாங்கியிருக்கிறான். வேலை செய்கிறவனுக்கு மட்டும் அங்கே வைத்தியம் இலவசம். ஊரில் இருக்கும் தங்கச்சிக்குக் கிடையாது. அதனால் என் சீக்கைத் தன் சீக்கென்று சொல்லிவிட்டான். வாயில் நுரை தள்ளுவது, நாக்கைக் கடிப்பது என்று நான் படுவதையெல்லாம் தான் படுவதாக ஒப்பித்திருக்கிறான்.

“கிரேன் ஓட்டுறவன் அப்படிச் சொல்லலாமாடா, கூறுகெட்டவனே?” என்று அம்மா கத்தினாள்.

“நீ சொல்லலையாம்மா? அப்பாவுக்கு மூலம் வந்தப்ப தர்மாஸ்பத்திரி வரிசையில நின்னு எனக்குத்தான்னு சொல்லி மருந்து வாங்கிட்டு வரலையா?”

உண்மைதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் மருந்து வாங்கினார்கள். சீட்டைக் கொடுத்து மாத்திரையை வாங்கினால் சோலி முடிந்தது. யாருக்கு என்ன சீக்கு என்று எவரும் எழுதிவைத்து வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பியதில்லை. அண்ணன் அந்த ஊரையும் நம் ஊர் மாதிரியே நினைத்துவிட்டான்.

அங்கே கிரேனுக்கும் அதை ஓட்டுகிறவனுக்கும் சேர்த்து கம்பெனி இன்சூரன்ஸ் கட்டியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த இன்சூரன்ஸ், ஆள் செத்தால் பணம் வருவது ஒன்றுதான். இன்சூரன்ஸ்காரன் ஆஸ்பத்திரி விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறான். வலிப்பு உள்ளவன் அம்புட்டு உயரத்தில் உட்கார்ந்து இரும்பைத் தூக்குவதா என்று அவன் மறுத்துவிட, கம்பெனி கையோடு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டது.

“தங்கச்சிக்குத்தான் வாங்குனேன்னு சொல்லியிருக்கலாம்லண்ணே?”

“எப்புடிச் சொல்ல? அவய்ங்க பேசுறதை எனக்குத் தமிழ்ல சொன்ன ஆளு நம்ம பக்கம், எழுமலைக்காரரு. ஒம் பேரச் சொன்னா அடுத்த லீவுல ஊரு பூராம் தெரிஞ்சு போகும்.”

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார் இவனைக் கேட்டார்கள்? தூங்கி வழிந்துகொண்டே இருந்துவிட்டுப் போயிருப்பேனே.

எழுமலைக்காரர் லீவில் வந்தார். என் பேருக்குப் பதில் அண்ணன் பேர் ஊரெல்லாம் போயிற்று. அண்ணனுக்குத் திருவாதவூரில் பெண் பேசி, பூ வைத்திருந்தோம். பெண்ணின் அப்பா ஒரு நாள் வந்தார். சத்தம் போடவில்லை. காப்பியைத் தொடவும் இல்லை.

“மாப்பிள்ளைக்கு அப்படி ஒண்ணு இருக்குதுன்னு கேள்விப்பட்டோம். மெய்தானா?”

அண்ணன் தலையைக் குனிந்தான். “ஆமாங்க மாமா.”

எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

“இல்லை மாமா. அண்ணனுக்கு ஒண்ணுமில்லை. வலிப்பு எனக்கு. எனக்காகத்தான் மாத்திரை வாங்குச்சு. டாக்டரு வீடு பக்கத்துலதான். வாங்க, கேட்டுப் பாப்போம்.”

அவர் கண் கலங்கியது. நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

“அண்ணனுக்காக இம்புட்டுப் பெரிய பழியத் தூக்கித் தலையில போட்டுக்கிறியேம்மா,” என்றார். “வயசுப்பிள்ளை. இனிமே யார்கிட்டயும் இப்படிச் சொல்லாத தாயி. ஒனக்கு நல்ல இடமா நானே பாக்குறேன்.”

அம்மாவைப் பார்த்து, “இந்தச் சம்பந்தம் சரிப்படாதும்மா,” என்று கும்பிட்டுவிட்டு எழுந்தார். அம்மாவாவது உண்மையைச் சொல்லுவாள் என்று திரும்பினேன். அம்மா பதிலுக்குக் கும்பிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தப்பித்தோம் என்று விடுகிற மூச்சு.

அது அண்ணன் காதிலும் விழுந்தது.