பல் செட்டும் மோர்சிங்கும்

அவரை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லக்கில் போகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பல் கட்டுகிற அக்கா, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அக்கா அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, முழு செட்டாகத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் வேலை அறை. ஜன்னலோரம் நீள மேசை, அதன்மேல் சின்ன மோட்டார், பாலிஷ் போடும் சக்கரம். சுவர் அலமாரி நிறைய வெள்ளை வெள்ளையாக ஊர்க்காரர்களின் வாய்கள். முதல்முறை போனபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. அக்கா அவற்றைக் காட்டி, "இது தபால் ஆபீஸ்காரரு, இது மூக்குக்கண்ணாடிக் கடை அம்மா" என்று சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் சொல்லிக்கொண்டே போனார்.

நான் நகர மண்டபத்தில் வேலை பார்க்கிறவள். வருடாவருடம் அங்கே இசைவிழா நடக்கும். மேடையில் பேர்போன பாட்டுக்காரர்கள் பாடுவது ஒரு பக்கம் இருக்க, பின்பக்க அறைகளில் யார் வேண்டுமானாலும் நுழைந்து ஒரு நாட்டுப்புற வாத்தியத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஓர் அறையில் மூங்கிலில் துளைபோட்டுக் குழல் செய்வார்கள். இன்னொன்றில் மரவளையத்தில் தோலை இழுத்துக் கட்டுவார்கள். அந்தப் பயிற்சிகளுக்கு ஆள் சேர்ப்பதிலிருந்து நாற்காலி போடுவதுவரை என் பொறுப்பு. மூன்றாவது அறை மோர்சிங். அது அக்காவின் வீட்டுக்காரருடைய ராஜ்யம்.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மோர்சிங் வாசிப்பதால் அவருக்கு டொய்ங் அண்ணன் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் இரும்பு வளையம், அதிலிருந்து நீளும் இரண்டு கரங்கள், நடுவே மெல்லிய நாக்கு. மோர்சிங் என்பது இவ்வளவே. கரங்களை முன்பற்களில் சாய்த்துவைத்து நாக்கை விரலால் சுண்டினால் வாய்க்குள்ளிருந்து டொய்ங் என்று எழும். வாயைக் குவித்தால் ஒரு சுரம், விரித்தால் வேறொன்று. வெந்நீரில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த மோர்சிங்குகளை அண்ணன் ஒரு துணிமேல் பரப்பி வைத்திருப்பார். "கடிக்காதீங்க, பல்லைக் காட்டுங்க. பிடிக்காத சொந்தக்காரங்களோட போட்டோ எடுக்கும்போது சிரிப்பீங்கல்ல, அந்த மாதிரி லேசா" என்பார். முதலில் யாருக்கும் சத்தம் வராது. உதடு மரத்துப்போகும், எச்சில் ஒழுகும். திடீரென்று ஒருவர் வாயில் டொய்ங் கேட்டுவிட்டால் அறையே கைதட்டும்.

அக்காவுக்கு அந்த வாத்தியத்தைக் கண்டாலே ஆகாது. "வீட்டுக்குள்ள வண்டு புகுந்தா அடிச்சு வெளியே தள்ளலாம். கட்டிக்கிட்ட வண்டை என்ன பண்றது?" என்பார். தொழில் சார்ந்த கோபமும் உண்டு. மோர்சிங்கின் இரும்பு நாக்கு தவறிப் பட்டால் பல்லின் ஓரம் தெறித்துவிடும். "சாப்பிட்டுத் தேயட்டும் பல்லு, ஒத்துக்கிறேன். விளையாட்டுக்கு இரும்புல இடிச்சு உடைச்சுக்கணுமா?" அண்ணன் ஒவ்வொரு விழாவுக்கும், "ஒரு தடவை வந்துதான் பாரேன்" என்று கூப்பிடுவார். அக்கா ஒவ்வொரு விழாவுக்கும் வேலை இருக்கிறது என்பார். வேலையும் இருக்கத்தான் செய்தது.

ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைத்த மனுஷர் தன் வீட்டு மாடிப்படியில் விழுந்தார். மொட்டைமாடியில் காயப்போட்ட மெத்தை மழையில் நனைகிறதே என்று அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். மெத்தை உருண்டுபோய் கீழே பத்திரமாக விழுந்தது. அண்ணன் பின்னாலேயே போய்ப் படி விளிம்பில் வாயைக் கொடுத்தார். மேல்வரிசை முன்பற்கள் எல்லாம் போயின, கீழேயும் இரண்டு. பக்கத்துப் பற்களும் ஆட்டம் கண்டிருந்ததால் நிரந்தரப் பல் நிற்காது, கழற்றி மாட்டும் செட்தான் சரி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அச்சு யார் மேசைக்கு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"எத்தனையோ பேர் வாயைப் பார்த்தாச்சு. இவரு வாயை இப்படிக் கையில வாங்குவேன்னு நினைக்கல தங்கச்சி" என்று அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லையாம்.

செட் அழகாக அமைந்தது. பழைய முன்பல்லில் இருந்த லேசான கோணலைக்கூட அக்கா விடாமல் வைத்திருந்தார். அண்ணன் வெளியூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டுப் பேசிப் பார்த்தார். குரல் மாறவே இல்லை என்றாள் மகள். அடுத்து மோர்சிங்கை எடுத்து வாயில் வைத்தார். ஒரு சுண்டுதான். கொதிக்கிற பாத்திரத்தின் மூடி மாதிரி செட் கடகடவென்று ஆடியது. இன்னொரு சுண்டு. செட் கழன்று மடியில் விழுந்தது.

அக்கா சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா இன்னொரு செட் செய்தார். அதுவும் ஆடியது. இறுக்கமாக வேறொன்று செய்தார். அது ஈறைப் புண்ணாக்கியது. "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குச் சொல்லாவது மிஞ்சியிருக்கு. விட்டுடு" என்றார் அண்ணன். வேலைக்குப் போவார், வருவார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விழா நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டு, இந்த வருடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவரிடமே கற்றுக்கொண்ட ஒரு பெண் இருந்தாள். நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். அவளைக் கேட்டேன், சம்மதித்தாள்.

சில நாளில் பல்லக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, மோர்சிங் வகுப்புல என்னையும் சேத்துக்க."

"அண்ணன் மனசு மாறிட்டாராக்கா?"

"அவரு வரல. நான் வர்றேன். அவருகிட்ட மூச்சு விடாதே."

"நீங்களா? எதுக்குக்கா?"

"அந்த எழவு எங்க போய் இடிக்குது, எந்தப் பக்கம் தள்ளுதுன்னு தெரிஞ்சாத்தானே செட்டை நிறுத்த முடியும்? அவரு வாயைத் திறந்து காட்ட மாட்டேங்கறாரு. என் வாயிலதான் பார்த்துக்கணும்."

விழா அன்று கைப்பையும் கையுமாக வந்தார். வாய்க்குள் பார்க்கும் குட்டிக் கண்ணாடி, பஞ்சு, அப்புறம் பல் மருத்துவர்கள் கடிக்கச் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த நீல மைத்தாள். நீச்சல்காரப் பெண்ணுக்குக் குளத்தில் கத்திக் கத்திப் பழகிய குரல். "மூச்சு விடுங்க! தோளை இறக்குங்க!" என்று அவள் சொன்னால் பக்கத்து அறையில் தோல் கட்டுகிறவர்களும் தோளை இறக்கினார்கள். அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. பல்லில் மைத்தாளை ஒற்றுவார், மோர்சிங்கை வைப்பார், சுண்டுவார், எடுத்துவிட்டுக் கண்ணாடியில் நீலம் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்.

பக்கத்தில் இருந்த முடிதிருத்துபவர் பொறுக்க மாட்டாமல் கேட்டார். "என்னங்க, பல்லுக்கு மை பூசுறீங்க?"

"எங்க படுதுன்னு பார்க்கிறேன்."

"எனக்கும் கொஞ்சம் பாருங்களேன். எனக்குச் சத்தமே வரல."

அக்கா பார்த்தார். ஒரு கரம் பல்லில் படவே இல்லை, உதட்டில் நின்றது. சரிசெய்ததும் டொய்ங் என்றது. அப்புறம் கேட்க வேண்டுமா? அறையில் இருந்த அத்தனை பேரும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். குடிதண்ணீர் கொண்டுபோன நான் எட்டிப் பார்த்தபோது, நீச்சல்காரப் பெண் உட்பட எல்லோருக்கும் நீலப் பல். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா, உங்களுக்கு இன்னும் வரலையே, முதல்ல நீங்க வாசிங்க" என்று பிடித்து உட்காரவைத்தாள்.

அக்கா கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சுண்டினார். வந்துவிட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை காலம் வெளியிலிருந்து கேட்ட வண்டுச் சத்தம் இல்லை அது. தாடை, காது, நெற்றி எல்லாம் ஒன்றாக முழங்கியது. வாயை மெல்லக் குவித்தார், சத்தம் மாறியது. திரும்ப விரித்தார். வகுப்பு முடிந்து நான் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டதாக என்னிடம் வெட்கத்தோடு சொன்னார்.

ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்திருந்தார். கரங்கள் மேல்பற்களை உள்பக்கமாகத் தள்ளுகின்றன, அதிர்வு வாயின் மேற்கூரையான அண்ணம்வரை போகிறது. ஈறை மட்டும் நம்பியிருக்கும் செட் நிற்காது, பின்பற்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். அண்ணத்தில் மெல்லிய உலோகத் தகடும், கடைவாய்ப் பற்களைச் சுற்றிக் கொக்கிகளுமாகப் புதுசாக ஒன்று செய்தார். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டுக் கடைசியில் மாட்டிக்கொண்டார். மோர்சிங்கை வைத்துச் சுண்டினார். செட் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாசித்தார். அக்கா மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றார்.

"நிக்குது" என்றார் அண்ணன்.

"அப்புறம் ஏன் முகம் அப்படி இருக்கு?"

"முன்ன மண்டைக்குள்ள கேக்கும். இப்ப பக்கத்து வீட்டுல கேக்குற மாதிரி இருக்கு."

"தொண்டையைக் கொஞ்சம் திறங்க, நாக்கைப் பின்னாடி இழுங்க. அடிச்சுரம் நல்லா இறங்கும்" என்றார் அக்கா, யோசிக்காமல்.

அண்ணன் கையை இறக்கினார். "இது உனக்கு எப்படித் தெரியும்?"

சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணன் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "எத்தனை வருஷம் கூப்பிட்டிருப்பேன்! அப்பல்லாம் வரல. நான் இல்லைன்னதும் போயிருக்க."

"உங்களுக்காகத்தானே போனேன்?"

"போனது எனக்காக. உட்கார்ந்து வாசிச்சது?"

அக்காவிடம் பதில் இருந்தது, ஆனால் அது அவருக்கே பிடிக்காத பதில். "நீங்க அங்க இருந்திருந்தா எனக்குச் சத்தம் வந்திருக்காதுங்க. டொய்ங் அண்ணன் பொண்டாட்டி என்ன பண்றான்னு ஊரே வாயைப் பார்த்திருக்கும்."

கொஞ்ச நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. "தட்டுக்கு முன்னாடி வந்து உட்காருவாரு, நான் செஞ்ச பல்லாலயே மென்னுட்டு எழுந்து போயிடுவாரு" என்றார் அக்கா. அக்காவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மோர்சிங்கை என்னிடம் இரவல் வாங்கிப்போய், பிளாஸ்டர் காயும் நேரத்தில் வேலை அறையில் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு மதியம் அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"அந்த நீச்சல்காரப் பொண்ணு எப்படிச் சொல்லிக்கொடுக்குது?"

"நல்லாத்தான்."

"என்னை விடவா?"

"உங்களை எங்க நான் பார்த்தேன்?"

அதற்கு அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுவதும் அன்றே போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பேச்சு திரும்பியது.

அடுத்த விழாவுக்கு மோர்சிங் அறையை அண்ணனுக்கே ஒதுக்கிவைத்தேன். வந்தார், ஆனால் அந்த அறைக்குள் போகவில்லை. "என் காதுக்கே ஒட்டாததை நான் எப்படிம்மா இன்னொருத்தருக்குச் சொல்லித்தர்றது? அந்தப் பொண்ணே செய்யட்டும்" என்றார். நான் வற்புறுத்தவில்லை. சும்மா சுற்றிக்கொண்டிருந்தவர், தோல் கட்டும் அறை வாசலில் நின்றார். உள்ளே நாலைந்து பேர் ஈரத்தோலை மரவளையத்தின்மேல் போட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் இறுகினால் மறுபக்கம் தொங்கியது. அண்ணனின் கை தானாக நீண்டது. லிஃப்ட் கம்பிகளை எல்லாம் ஒரே இறுக்கத்தில் வைப்பதுதானே அவர் பிழைப்பு? எதிரெதிர் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கச் சொன்னார். அவரும் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒரு வளையத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். தோலை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அதை அந்த அறையின் ஆசிரியரிடம் கேட்டு, முதல் தோலைக் கிழித்து, இரண்டாவதை உருப்படியாகக் கட்டினார்.

பக்கத்து அறையில் அக்கா. அந்த வருடம் செட் போட்ட நாலு பேர் தைரியமாக வந்திருந்தார்கள். அக்கா அவர்களுக்குச் செட்டைப் பார்த்துச் சொல்வார், நீச்சல்காரப் பெண் வாசிப்பைச் சொல்வாள். எல்லோருக்கும் சரிப்பட்டது என்றில்லை. தாசில்தார் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பல் வெளியே வந்துகொண்டேயிருந்தது. அவர் சலிக்காமல் அதை எடுத்து மாட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசி நாள் கற்றவர்கள் எல்லோரும் மேடையேறிக் கொஞ்ச நேரம் வாசிப்பது வழக்கம். அக்கா முன்வரிசையில் மோர்சிங்கோடு, அண்ணன் பின்வரிசையில் தான் கட்டிய தோல் வாத்தியத்தோடு. தாளம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அக்கா முந்திவிட்டார். அண்ணன் இழுத்துப் பிடிக்கப் பார்த்தார், அக்கா திரும்பிப் பார்த்து இன்னும் முந்தினார். கூட்டம் ரசித்தது. இருவரும் ஒரே இடத்தில் முடிக்கவில்லை.

மண்டபத்தைப் பூட்டும்போது அவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள்.

"நீங்கதான் பின்தங்கினீங்க" என்றார் அக்கா.

"நான் தாளத்துலதான் இருந்தேன். நீ ஓடிப்போயிட்ட."

"அப்ப கூடவே ஓடிவர வேண்டியதுதானே?"

பேருந்து வந்தது. அக்கா ஏறி ஜன்னலோர இடம் பிடித்தார். அண்ணன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தாளத்தை விரலால் அதன்மேல் தட்டிக் காட்டி மறுபடியும் விளக்க ஆரம்பித்தார்.