டேங்க் பாய்க்கு நான் அனுப்பிய வாய்ஸ்

டேங்க் பாய் இறந்துவிட்டார்.

தண்டையார்பேட்டையில் பழைய பைக்குகளுக்குப் புது பெட்ரோல் டேங்க் விற்பாரே... ஜமால் பாய். நம்ம பைக் குரூப்பில் பாதிப் பேர் வண்டியில் இருப்பது அவர் கொடுத்த டேங்க்தான்.

இன்று மதியம் அடக்கம். நான் போனேன். ஆனால் வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனையில் வண்டி மேலேயே உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், பாயைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் சுமந்து அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

"ஏன் மாமு உள்ள வரல?" என்று குரூப்பில் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். அந்த வீட்டு மனுஷர்கள் முகத்தைப் பார்க்க முடியாதபடி ஒரு வேலை செய்துவைத்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

பாயைத் தெரியாதவர்களுக்கு... கடை பெரிய கடை இல்லை. கூரையிலிருந்து பெயிண்ட் அடிக்காத டேங்குகள் தொங்கும். நிமிர்ந்து நடந்தால் மண்டையில் இடிக்கும். இடித்தால் நம்மைப் பார்க்க மாட்டார். "டேங்குக்கு இன்னா ஆச்சு பாரு" என்பார்.

கம்பெனியே கைகழுவிவிட்ட மாடலுக்கும் அவரிடம் டேங்க் கிடைக்கும். ஆனால் அப்படியே தூக்கிக் கொடுக்க மாட்டார். மூடி, குழாய் வாய்களையெல்லாம் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் டப்பில் முக்குவார். குமிழி வருகிறதா என்று வாங்க வந்தவன்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

"நல்லா பாத்துக்க நைனா. அப்பால வந்து என்னாண்ட ஒழுவுதுன்னு பேஜாரு பண்ணக்கூடாது."

டேங்க் நல்ல டேங்க். பாய் சொல்லும் தேதிதான் சுத்தப் பொய்.

சரக்கு வடக்கேயிருந்து லாரியில் வரவேண்டும். எப்போது கேட்டாலும் அந்த லாரி நாக்பூரில்தான் நிற்கும். டயர் வெடித்திருக்கும், இல்லை டிரைவருக்கு ஜுரம், அதுவும் இல்லாவிட்டால் ஏதாவது பந்த். "பாய், உன் லாரிக்கு நாக்பூர்லயே வூடு வாங்கிக் குடுத்துட்டியா?" என்று கேட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு தடவை, மச்சான் கல்யாணத்துக்கு முந்தின நாள், என் புல்லட் டேங்க்கின் அடியைத் துரு தின்று பெட்ரோல் ஒழுக ஆரம்பித்தது. பாய்க்குப் போன் போட்டுப் புலம்பினேன். சாயங்காலம் பார்த்தால் எர்ணாவூரில் என் வீட்டு வாசலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறார்... மடியில் ஒரு டேங்க்கோடு. தன் சொந்த வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"என் வண்டி சும்மாதான கீது, போட்டுக்க. கீறல் மட்டும் வுழக்கூடாது, சொல்ட்டேன்."

கறுப்பு வண்டியில் சிவப்பு டேங்க். கல்யாணத்தில் பார்த்தவனெல்லாம் கிண்டலடித்தான். நான் திருப்பிக் கொடுக்கும்வரை பாய் கடைக்கு பஸ்ஸில் போய்வந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சும்மா கிடந்த வண்டி இல்லை அது.

இந்த மாதம் ஒரு புது டேங்க் சொல்லிவைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ரைடுக்கு வேண்டும். வழக்கம்போல நாக்பூர்... அப்புறம் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார். நான் கடுப்பில் இருந்தேன்.

நேற்றுக் காலை அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "நெஞ்சு வலி நைனா. ஆஸ்பத்திரில கீறேன். கொஞ்சம் பொறுத்துக்க."

குரல் இறங்கித்தான் இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. நாக்பூர் போய் இப்போது ஆஸ்பத்திரி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மதியம் நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில் சாப்பிட உட்கார்ந்தோம். கூட இருந்த தோஸ்துகள் கேட்கட்டும் என்றே, கொஞ்சம் சத்தமாக, பதில் வாய்ஸ் போட்டேன்.

"இன்னா பாய், இப்போ ஆஸ்பத்திரியா? அட்த்த வாட்டி கேட்டா செத்துட்டேன்னு சொல்லுவியா?"

பசங்க சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் அதில் பதிவாகியிருக்கும்.

சாயங்காலம் நீல டிக் விழுந்தது. கேட்டுவிட்டார், இனி டேங்க் தானாக வரும் என்று சந்தோஷப்பட்டேன். சீ... என்ன ஜென்மம் நான்.

அதைக் கேட்டது பாயா, இல்லை பக்கத்தில் இருந்தவர்களா, தெரியவில்லை. விசாரிக்கத் தைரியமும் இல்லை.

இன்று காலை அவர் நம்பரிலிருந்தே போன். எடுத்ததும் எடுக்காததுமாக "இன்னா பாய், லாரி கெளம்பிச்சா?" என்றேன்.

பேசியது அவர் பொண்ணு. பாய் போனில் யார் யார் மெசேஜ் போட்டிருந்தார்களோ, அவர்களுக்கெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணா... அத்தா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்பால அடக்கம்."

ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. நான் பேசாமல் இருந்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"நெஜமாத்தாண்ணா. பொய் இல்ல. வேணும்னா வீடியோ கால் போட்டுக் காட்டட்டா?"

"வேணாம்மா" என்றேன்.

பாய்... உங்க பொண்ணு வாயால் 'பொய் இல்ல'ன்னு சொல்ல வச்சிட்டேன். போய் வாங்க.